முதல் வேலையைத் தேடும் நம் செவிலியர் பிள்ளைகள்



நமது செவிலியர் பள்ளியின் விளக்கேற்றும் ஆராதனைக்கும் பட்டமளிப்புக்கும் உங்களில் பலர் வந்திருக்கிறீர்கள். வர இயலாதவர்கள் இந்த மடலில் படங்களைப் பார்த்து ஆண்டவரைத் துதித்திருக்கிறீர்கள். ஒரு சபை ஒரு பிள்ளையின் கட்டணத்தை முழுவதும் ஏற்றுக்கொண்டது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் பென்ஷனிலிருந்து மாதந்தோறும் சீருடைக்கும் புத்தகத்துக்கும் அனுப்பினார். வெள்ளை உடையில், கையில் விளக்கோடு அந்தப் பிள்ளை நிற்கும் படத்தைப் பார்க்கும்போது நம் உள்ளம் நிறைகிறது. ஆனால் பெரும்பாலும் அந்தப் படத்தோடு நம் விசாரிப்பும் நின்றுவிடுகிறது. மறுமாதம் அவள் பெட்டியோடு ஊருக்குத் திரும்பி, வேலைக்கு எங்கே போவது, யாரைப் பார்ப்பது, வங்கிக் கடனை எப்படிக் கட்டுவது என்று திகைத்து நிற்பதை நாம் அறிவதில்லை.

இந்த மாதப் பாடத்தை அதற்காகவே எழுதுகிறேன். பெண்கள் ஐக்கிய சங்கங்களும் வாலிபர் கூட்டங்களும் சேர்ந்து வாசித்துக் கலந்துபேசலாம். செவிலியர் படிப்பில் இப்போது ஆண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிரசவ வார்டு உள்ள சிறிய ஆஸ்பத்திரிகள் அவர்களைச் சேர்க்கத் தயங்குவதால் அவர்கள் பாடு இன்னும் சற்றுக் கடினம். அவள் என்று எழுதுமிடங்களில் அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மருத்துவச்சிகள்

யாத்திராகமம் முதலாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை எடுத்துக்கொள்வோம். எகிப்தின் ராஜா இரண்டு மருத்துவச்சிகளை வரவழைத்து, எபிரெய ஸ்திரீகளுக்குப் பிறக்கும் ஆண்குழந்தைகளைக் கொன்றுபோடச் சொல்கிறான். அவர்கள் தேவனுக்குப் பயந்து அப்படிச் செய்யாதிருந்தார்கள். அந்த ராஜாவின் பெயரை வேதம் சொல்லவில்லை. எந்தப் பார்வோன் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். மருத்துவச்சிகளின் பெயர்களோ இருக்கின்றன: சிப்பிராள், பூவாள்.

இந்தப் பகுதியை வைத்துப் பிரசங்கம் செய்கிறவர்கள் அவர்களுடைய தைரியத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். அதற்குப் பின்வரும் வசனம் எனக்கு மிகவும் முக்கியமானது. தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார் என்றும், அவர்களுடைய குடும்பங்களை உண்டாக்கினார் என்றும் அங்கே காண்கிறோம். நோயுற்றோரையும் பிரசவிப்போரையும் கவனிக்கிற ஸ்திரீக்கு வீடு வேண்டும், குடும்பம் வேண்டும், பிழைப்பு வேண்டும் என்பதை ஆண்டவர் சிறு காரியமாக எண்ணவில்லை. "ஊழியத்துக்கு வந்தவள் சம்பளத்தைப் பற்றிக் கேட்கலாமா?" என்று நம் கமிட்டிகளில் சில பெரியவர்கள் கேட்கும்போது இந்த வசனம்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் சரித்திரத்தையும் இந்த இடத்தில் சரியாகச் சொல்லவேண்டும். அவர் 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் ஊரில் உதவிக்காரிச் சகோதரிகளிடம் ஏறத்தாழ மூன்று மாதம் பயிற்சி பெற்றார். அந்த நிலையத்தை பிளீட்னர் என்ற லூத்தரன் போதகர் 1836-இல் தொடங்கியிருந்தார். 1853-இல், தமது 33-ஆம் வயதில், லண்டனில் நோயுற்ற மாதர்களுக்கான ஒரு சிறிய இல்லத்தின் மேற்பார்வையாளராக அம்மையார் முதல் வேலையை ஏற்றார். சம்பளம் வாங்கவில்லை. ஆண்டுதோறும் நடக்கும் செவிலியர் தின விழாக்களில் இதைக் கைதட்டலோடு சொல்லுவார்கள். ஆனால் அவருடைய தகப்பனார் ஆண்டுக்கு 500 பவுன் அவருக்குக் கொடுத்துவந்தார் என்பதை யாரும் சொல்லுவதில்லை. நம் பிள்ளைகளின் தகப்பன்மார் பனை ஏறுகிறவர்கள், பீடி இலை சுமக்கிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள். அவர்களிடம் 500 பவுன் இல்லை. மகள் அனுப்பப்போகும் பணத்துக்காக அவர்கள் காத்திருக்கிறார்கள்.

வேலை தேடும் பாதை

படிப்பு முடிந்தவுடன் எவளும் வேலைக்குச் சேர்ந்துவிட முடியாது. முதலில் மாநிலச் செவிலியர் கவுன்சிலில் பெயர் பதிவாக வேண்டும். 1926-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட செவிலியர், மருத்துவச்சியர் சட்டத்திலிருந்து வருகிற ஏற்பாடு இது. தேர்வு முடிவு, மதிப்பெண் பட்டியல், பட்டயம், பதிவு என்று ஒவ்வொன்றாக வரும்வரை சில மாதங்கள் வீட்டில் கழியும். வேறு மாநிலத்தில் படித்த பிள்ளைகள் அந்த மாநிலத்தில் பதிந்து, பிறகு இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். பெங்களூரிலும் ஆந்திராவிலும் தரகர் மூலம் சேர்ந்து, அங்கீகாரம் இல்லாத பள்ளியில் படித்துவிட்டுப் பதிவு கிடைக்காமல் அழுதுகொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. ஆகவே உங்கள் சபையிலிருந்து ஒரு பிள்ளையை அனுப்புமுன், அந்தப் பள்ளிக்கு இந்திய நர்ஸிங் கவுன்சிலின் அங்கீகாரமும் மாநிலக் கவுன்சிலின் அங்கீகாரமும் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். மூன்று நான்கு வருடப் பணமும் இளமையும் அந்த ஒரு விசாரணையில் அடங்கியிருக்கிறது.

பதிவு கிடைத்தபின் வீட்டார் எல்லாரும் சொல்லுவது, "கவர்ன்மென்ட் வேலைக்கு எழுது" என்பதே. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012-இல் ஏற்படுத்தப்பட்டது. 2015-இல் அது நடத்திய தேர்வின் மூலம் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர் இடங்களுக்கு ஆள் எடுத்தார்கள். ஆனால் அது தொகுப்பூதிய வேலை, மாதம் ரூ.7,700. இரண்டு ஆண்டில் நிரந்தரம் ஆகும் என்று எதிர்பார்த்தவர்கள், ஆகாததால் 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் குவிந்து போராடினார்கள். பிறகு ஊதியம் உயர்த்தப்பட்டது. கொரோனா காலத்தில், 2020-இல், தாற்காலிகமாக எடுக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 2,300 பேருடைய ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. கொரோனா வார்டில் வியர்வை வடிய நின்ற பிள்ளைகளுக்குப் புத்தாண்டு ஆராதனையன்று வேலை இல்லை. அரசு வேலையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தேர்வு எழுதத்தான் வேண்டும். அது வரும்வரை சும்மா வீட்டில் உட்கார்ந்திருப்பது நல்லதல்ல என்பதற்காகவே சொல்லுகிறேன். இரண்டு ஆண்டு வார்டை விட்டு விலகியிருக்கும் கை, ஊசி போடப் பயப்படும்.

மீதி இருப்பது தனியார் ஆஸ்பத்திரிகளும் நம்மைப் போன்ற மிஷன் ஆஸ்பத்திரிகளும். இங்கேதான் சம்பளக் கணக்கு வருகிறது. நான்கு லட்சம் ரூபாய் கல்விக் கடன் வாங்கிய ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பொதுவாகப் படிப்பு முடிந்த ஓராண்டில் தவணை தொடங்கும். நூற்றுக்குப் பதினொரு வட்டி, பத்து ஆண்டுத் தவணை என்று கணக்குப் போட்டால் மாதம் சுமார் ரூ.5,500 கட்டவேண்டும். படித்த காலத்து வட்டி இதில் சேரவில்லை. அவளுக்குச் சம்பளம் ரூ.12,000 என்றால், விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்தபின் வீட்டுக்கு அனுப்ப என்ன மீதி இருக்கும்? நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள். "பெண்ணைப் படிக்கவைத்து என்ன பயன்?" என்று தாயார் ஒருநாள் போனில் கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் அவள் இரவில் பதினைந்து நோயாளிகளுக்கு டிரிப் மாற்றிக்கொண்டிருப்பாள்.

இந்தக் குறை நீதிமன்றம்வரை போனது. 1908-இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பயிற்சிபெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில், 2016 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தனியார் செவிலியரின் ஊதியத்தை ஆராயக் குழு ஒன்றை அமைக்கும்படி மத்திய அரசுக்குச் சொல்லியது. குழுவின் பரிந்துரை தெளிவானது: 200 படுக்கைக்கு மேலுள்ள ஆஸ்பத்திரியில் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம், 100-க்கு மேல் என்றால் அதிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது, 50 முதல் 100 வரை என்றால் இருபத்தைந்து சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது, 50-க்கும் குறைவான சிறிய ஆஸ்பத்திரியிலும் ரூ.20,000-க்குக் கீழே போகக்கூடாது. இதைச் சட்டமாக்கி நடத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் இருப்பதால், பல இடங்களில் அது ஏட்டில் நிற்கிறது.

மிஷன் ஆஸ்பத்திரிகள் இந்த அளவுக்கு வந்துவிட்டனவா என்று நீங்கள் கேட்பீர்கள். பல இடங்களில் இல்லை. ஏழை நோயாளியிடம் குறைந்த கட்டணம் வாங்கிக்கொண்டு செவிலியருக்கு நிறைந்த சம்பளம் கொடுப்பது கடினம் என்பது உண்மை. ஆனால் அந்த இடைவெளியை யார் அடைக்கிறார்கள் என்று யோசியுங்கள். கட்டணச் சலுகைக்கு நன்றி சொல்லும் நோயாளி ஆஸ்பத்திரிக்கும் உங்களுக்கும் நன்றி சொல்லுகிறார். அதில் ஒரு பங்கு அந்த வார்டில் நிற்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் சம்பளத்திலிருந்து போகிறது. வயலில் அறுத்தவர்களுக்குரிய கூலி பிடித்துவைக்கப்பட்டால் அது தேவனை நோக்கிக் கூப்பிடுகிறது என்று யாக்கோபு எழுதியதை நாம் ஜமீன்தார்களுக்கு மட்டும் என்று வாசிக்கலாகாது. கட்டடத்துக்கும் ஸ்கேன் கருவிக்கும் காணிக்கை எளிதாக வருகிறது, பெயர்ப்பலகையும் வைக்கலாம். சம்பள நிதிக்குக் கொடுப்பவர் மிகச் சிலர்.

பாண்டும் சர்டிபிகேட்டும்

முதல் வேலைக்குப் போகும் பிள்ளைகளை அதிகம் அலைக்கழிப்பது பாண்டு என்னும் ஒப்பந்தம். இத்தனை ஆண்டு வேலை செய்யவேண்டும், இடையில் விலகினால் இத்தனை ஆயிரம் கட்டவேண்டும் என்று எழுதி வாங்குகிறார்கள். சில இடங்களில் அசல் சான்றிதழ்களையும் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். பிறகு நல்ல வேலை வந்தாலும், வீட்டில் தகப்பனார் படுத்துவிட்டாலும், அவள் அசையமுடியாது. சான்றிதழ் படித்தவளுக்குச் சொந்தம். அடகு வைக்கும் நகையல்ல. சரிபார்க்க அசலைக் காட்டலாம், நகலைக் கொடுக்கலாம், அசலோடு வீடு திரும்பவேண்டும். இதை நம் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஏற்கெனவே சிக்கிக்கொண்டவள் ஓர் ஆண்டு பொறுமையாயிருந்து, எழுத்தில் விண்ணப்பித்து, அனுபவச் சான்றிதழோடு விலகுவதே நல்லது. இரவோடு இரவாக ஓடிவந்தால் அனுபவச் சான்றிதழ் போய்விடும். அது இல்லாமல் அடுத்த ஆஸ்பத்திரியில் மறுபடியும் புதியவள்தான்.

மிஷன் ஆஸ்பத்திரிகளிலும் ஸ்பான்சர்ஷிப் பெற்றுப் படித்தவர்கள் குறிப்பிட்ட காலம் பணிசெய்யும் உடன்படிக்கை உண்டு. இதுவும் பாண்டுதானே என்று ஒரு வாலிபர் கூட்டத்தில் என்னைக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. படிப்புக்குப் பிறர் பணம் கொடுத்ததற்காக, சேருமுன்பே தெரிந்து ஒப்புக்கொண்ட காலம் இது. சிறிய கிராம ஆஸ்பத்திரிகளுக்குச் செவிலியர் கிடைப்பதும் இதனால்தான். ஒன்றுமே செலவழிக்காதவன் வேலைக்குச் சேரும் நாளில் கையெழுத்து வாங்குவது வேறு. ஆனாலும் அந்த இரண்டு ஆண்டில் அவளுக்கு ஒழுங்கான சம்பளமும் வார விடுமுறையும் கற்றுத்தரும் மூத்த சிஸ்டரும் இல்லாவிட்டால், நம் உடன்படிக்கைக்கும் அந்தப் பாண்டுக்கும் வித்தியாசம் காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளை தானும் சில கேள்விகள் கேட்கவேண்டும். நம் பெண்பிள்ளைகள் தலையைக் குனிந்து "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். எத்தனை நோயாளிக்கு ஒரு செவிலியர், நைட் டியூட்டி மாதம் எத்தனை நாள், பி.எப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா, விடுதி வளாகத்துக்குள் இருக்கிறதா, 2017-இல் 26 வாரமாக உயர்த்தப்பட்ட பேறுகால விடுப்பை அங்கே கொடுக்கிறார்களா, நியமன உத்தரவை எழுத்தில் தருவார்களா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. கேட்டதற்காக வேலை தராத இடம் அவளுக்கு ஏற்ற இடம் அல்ல.

முதல் வருடத்தின் பயங்கள்

வேலை கிடைத்துவிட்டது, ஸ்தோத்திரம் சொல்லியாயிற்று. பிறகுதான் வேறொரு வகையான சோதனை ஆரம்பிக்கிறது. பள்ளியில் ஒரு நோயாளியைப் படுக்கையில் வைத்துக் குளிப்பாட்ட முக்கால் மணி நேரம் கொடுத்து, ஒவ்வொரு படியையும் சரிபார்த்தார்கள். வார்டில் அந்த முக்கால் மணி நேரத்தில் எட்டுப் பேரைப் பார்க்கவேண்டும். அமெரிக்கச் செவிலியர் ஆராய்ச்சியாளரான மார்லின் கிரேமர் 1974-இல் இதைப்பற்றி ஒரு நூலே எழுதினார். புதிய செவிலியருக்கு முதலில் தேனிலவு போன்ற ஒரு காலம், பிறகு அதிர்ச்சி, பிறகு மெல்லத் தெளிவு, கடைசியில் ஒரு தீர்வு என்று அவர் கண்டார். பள்ளியில் கற்ற நெறிக்கும் வார்டில் காண்கிற வழக்கத்துக்கும் உள்ள இடைவெளிதான் அதிர்ச்சிக்குக் காரணம் என்றும் சொன்னார். அமெரிக்காவைப் பற்றி எழுதப்பட்டது நம் பிள்ளைகளுக்கும் அப்படியே பொருந்துவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். சேர்ந்த முதல் மாதம் சிற்றாலயத்தில் சிரித்த முகத்தோடு பாடினவள், மூன்றாம் மாதம் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

அவளுடைய பயங்கள் எவை? முதலாவது மருந்து. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் அவள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். ஆனால் ஒரே வார்டில் இரண்டு செல்வராஜ் படுத்திருக்கும் இரவில், ஒரு பக்கம் போன் மணி அடிக்க, மறுபக்கம் உறவினர் சத்தம்போட, அந்த ஐந்தையும் நிதானமாகப் பார்ப்பது எளிதல்ல. டியூட்டி முடிந்து விடுதிக்கு வந்தபின், "அந்த ஊசியைச் சார்ட்டில் எழுதினேனா?" என்று எழுந்து ஓடிவந்த பிள்ளைகள் உண்டு. எழுதித்தான் இருக்கும். நான் ஒவ்வொரு புதிய குழுவுக்கும் சொல்லுவது இதுதான்: சந்தேகம் வந்தால் போடாதே, கேள், கேட்டதற்காகத் திட்டினால் வாங்கிக்கொள். திட்டு இரண்டு நாளில் ஆறிவிடும்.

இரண்டாவது, திட்டுதான். மூத்த டாக்டர் நோயாளியின் முன்பாகவே சத்தம்போடுகிறார். பழைய சிஸ்டர்களில் சிலர், "நாங்கள் இப்படித்தான் கற்றுக்கொண்டோம்" என்று சொல்லிப் புதியவளை ஓரங்கட்டுகிறார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் இது இல்லை என்று உங்களுக்குச் சொல்ல ஆசைதான், சொன்னால் பொய்யாகும். நல்ல மேட்ரன் இருக்கும் இடத்தில் குறைவாக இருக்கிறது, அவ்வளவே.

மூன்றாவது, முதல் மரணம். இதைப்பற்றிச் சற்று விரிவாக எழுதவேண்டும், ஏனெனில் சாப்ளினாகிய என்னிடம் அவர்கள் அதிகமாக வருவது இதற்காகவே. படிக்கும் காலத்தில் மரணத்தைப் பார்த்திருப்பார்கள், ஆனால் யாரோ ஒரு ஸ்டாஃப் நர்ஸின் பின்னால் நின்று பார்த்திருப்பார்கள். இப்போது அந்தப் படுக்கை அவளுடைய பொறுப்பு. மாலையில் தண்ணீர் கேட்ட தாத்தா விடியற்காலையில் இல்லை. உடலைத் துடைத்து, கட்டுப்போட்டு, பிள்ளைகளிடம் ஒப்புவித்து, ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு, அடுத்த படுக்கைக்குப் பி.பி. பார்க்கப் போகவேண்டும். அழ நேரம் இல்லை. ஒரு பெண் என்னிடம், "ஐயா, நான் அழவே இல்லை, எனக்கு இரக்கம் போய்விட்டதா?" என்று கேட்டாள். போகவில்லை அம்மா, அது டியூட்டி முடியக் காத்திருக்கிறது என்றேன். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நான் கான்டீனிலிருந்து காப்பி வரவழைத்தேன். அந்த நேரத்தில் நான் வசனம் சொல்லவில்லை.

அப்படிச் செய்ய எனக்குக் கற்றுக்கொடுத்தது முதலாம் ராஜாக்கள் பத்தொன்பதாம் அதிகாரம். எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் என்று சாவைக் கேட்டபோது, தேவதூதன் அவனுக்கு உபதேசம் செய்யவில்லை. தூங்கவிட்டான், எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான், மறுபடியும் சாப்பிடச் சொன்னான். நீண்ட பயணத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. தொடர்ந்து ஏழு இரவு டியூட்டி பார்த்துவிட்டு வந்து, "எனக்கு இந்த வேலையே வேண்டாம்" என்று சொல்லும் பிள்ளையிடம், வீட்டாரும் போதகரும் உடனே அழைப்பைப் பற்றிப் பேசவேண்டாம். சோறு போட்டுத் தூங்கவிடுங்கள். இரண்டு நாள் கழித்தும் அதையே சொன்னால் உட்கார்ந்து பேசலாம்.

இன்னொரு காரியமும் அவளுக்குத் தெரிந்தால் நல்லது. பாட்ரிசியா பென்னர் என்ற செவிலியர் பேராசிரியை 1984-இல் வெளியிட்ட நூலில், செவிலியர் ஐந்து நிலைகளில் வளருகிறார் என்று காட்டினார். பயிற்சி முடிந்து வந்தவள் அவற்றில் இரண்டாம் நிலையில்தான் இருக்கிறாள். ஒரே விதமான வார்டில் இரண்டு மூன்று ஆண்டு வேலைசெய்தபின்தான் மூன்றாம் நிலையாகிய திறமை வருகிறது. ஆகவே ஆறாம் மாதத்தில், "எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று அவள் நினைப்பது குறைபாடு அல்ல, அவள் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறாள். ஆள் பற்றாக்குறைக்காக அவளை இன்று ஆண்கள் வார்டு, நாளை ஐ.சி.யு., மறுநாள் ஆபரேஷன் தியேட்டர் என்று தூக்கிப்போடும் நிர்வாகங்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

தூர தேசத்துக்குப் போகிறவர்கள்

வெளிநாட்டைப் பற்றிப் பேசாமல் இந்தப் பாடம் முடியாது. "நாம் படிக்கவைத்தோம், அவள் வளைகுடாவுக்குப் போய்விட்டாள்" என்று சில பங்காளர்கள் வருத்தப்பட்டு எழுதுகிறீர்கள். அந்த வருத்தத்தை நான் அறிவேன். ஆனாலும் ரெபெக்காளின் தாதியை நினைத்துப் பாருங்கள். ஆதியாகமம் இருபத்துநான்கில் ரெபெக்காள் ஆரான் தேசத்துத் தன் வீட்டை விட்டுக் கானானுக்குப் புறப்படும்போது, பெயர் சொல்லாமல் ஒரு தாதியும் கூடப் போகிறாள். முப்பத்தைந்தாம் அதிகாரத்தில் அவள் மரணம் சொல்லப்படும்போதுதான் தெபொராள் என்ற அவள் பெயர் தெரிகிறது. பெத்தேலுக்குச் சமீபமாய் ஒரு கர்வாலிமரத்தின்கீழ் அவளை அடக்கம்பண்ணி, அந்த மரத்துக்கு அழுகையின் பெயரையே வைத்தார்கள். வேலைக்காக அந்நிய தேசம் போன ஒரு தாதியை ஒரு குடும்பம் கடைசிவரை தன்னுடையவளாக வைத்திருந்தது. போனவளை நம் ஜெப அட்டவணையிலிருந்து எடுத்துவிடும் சபைகள் இதை வாசிக்கவேண்டும்.

போவதைத் தடுப்பது நம் வேலையல்ல. ஏமாறாமல் போகச் செய்வது நம் வேலை. 2014 ஜூலையில் ஈராக்கின் திக்ரித் நகரில் போராளிகளிடம் சிக்கி மீண்டு கொச்சிக்கு வந்த 46 இந்தியச் செவிலியரை நினைவிருக்கும். பெரும்பாலோர் கேரளப் பிள்ளைகள். பல மாதச் சம்பளம் கிடைக்காமலும், ஏஜென்சிக்குக் கட்டிய கடன் தீராமலும் இருந்ததால், குண்டு விழும் ஊரை விட்டு வெறுங்கையோடு திரும்பச் சிலர் முதலில் தயங்கினார்கள் என்று அப்போது செய்தி வந்தது. அடுத்த ஆண்டு குவைத்துக்கு ஆள் அனுப்பிய ஓர் ஏஜென்சி, ரூ.19,500 வாங்கவேண்டிய இடத்தில் 19 லட்சத்து 50 ஆயிரம் வாங்கியதாக சி.பி.ஐ. வழக்குத் தொடுத்தது. அந்த 2015-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு, குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செவிலியரை அரசு நிறுவனங்கள் மூலமாக மட்டுமே அனுப்பவேண்டும் என்று கட்டளையிட்டது. தமிழ்நாட்டில் அதற்கென அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. சவூதி, குவைத், கத்தார் எல்லாம் அந்தப் பட்டியலில் சேர்ந்தவை. "விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லுகிறவரை வீட்டு வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள், அவர் நம் சபை அங்கத்தினராயிருந்தாலும்.

வெளிநாடு போக அனுபவமும் தேர்வும் வேண்டும். வளைகுடாவுக்கு அந்தந்த நாட்டின் உரிமத் தேர்வும் சான்றிதழ் சரிபார்ப்பும், இங்கிலாந்துக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வும், அமெரிக்காவுக்கு என்க்ளெக்ஸ் தேர்வும், ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியும் தேவை. தமிழ்வழியில் படித்துவந்த கிராமத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் தோற்கிறார்கள், செவிலியர் அறிவில் அல்ல. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்கள் நம் சபைகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள்! வாரம் இரண்டு மாலை ஆலய அறையில் உட்கார்ந்து பேசப் பழக்கினாலே போதும். அதற்கு நன்கொடைச் சீட்டு தேவையில்லை.

சபைகள் செய்யக்கூடியது

உங்களிடம் கேட்க விரும்புவது சிலவே. நீங்கள் தாங்கும் பிள்ளைக்கு, படிப்பு முடிந்தபின்னும் ஓராண்டு கடிதமோ போனோ தொடரட்டும். அந்த ஓராண்டில் அவள் வேலையை விட்டு வந்தால், "எங்கள் பணம் வீணாயிற்று" என்று யாரும் அவள் காதுபடச் சொல்லவேண்டாம். கல்விக் கடனின் முதல் ஆறு தவணைகளைக் கட்ட ஒரு சிறு சுழல்நிதியை இரண்டு மூன்று சபைகள் சேர்ந்து வைக்கலாம். வேலை நிலைத்தபின் அவள் திருப்பிக் கட்டுவாள், அடுத்தவளுக்கு உதவும். போதகர்மார் நற்சாட்சிக் கடிதம் எழுதும்போது, "நல்ல பெண், ஒழுங்காக ஆலயத்துக்கு வருவாள்" என்று மட்டும் எழுதாமல், எத்தனை ஆண்டாகத் தெரியும், ஓய்வுநாள் பள்ளியிலோ முகாமிலோ என்ன பொறுப்பை எப்படிச் செய்தாள் என்று எழுதுங்கள். ஆள் எடுக்கிறவர்கள் அதைத்தான் தேடிப் படிக்கிறார்கள்.

கடைசியாக, சென்னையிலும் மதுரையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கும் பங்காளர் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. தேர்வுக்கும் நேர்முகத்துக்கும் தென் மாவட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள், தங்க இடமில்லாமல் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் விடியும்வரை உட்கார்ந்திருந்து, அங்கேயே முகம் கழுவிச் சேலை மாற்றிக்கொண்டு போகிறார்கள். ஒரு இரவு தங்கவைத்து, காலையில் இட்லி கொடுத்து, எந்தப் பஸ் ஏறவேண்டும் என்று சொல்லி அனுப்ப ஆயத்தமான குடும்பங்கள் தங்கள் சபைப் போதகரின் கையெழுத்தோடு செவிலியர் பள்ளி முதல்வருக்கு எழுதுங்கள். முதல்வர் பிள்ளையின் பெயரையும் வரும் நாளையும் முன்கூட்டியே உங்களுக்குத் தெரிவிப்பார்.